இரண்டு விநாடி பொறு

அந்த வரியை எழுதியபோது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் கம்பெனி ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்கிறது. வருகிறவரின் பெயரைப் பதிவது, ரத்தக் குழாயில் எண் ஒட்டுவது, முடிவை ஏற்றுவது, ரிப்போர்ட்டை அச்சடிப்பது எல்லாம் அதில்தான் நடக்கும். நான் வேதியியல் படித்தவள் என்பதால் மேனேஜர் என்னை அந்தக் குழுவில் போட்டார். "உனக்குத்தான் ரத்தம், உப்பு எல்லாம் தெரியுமே" என்றார். கல்லூரி ஆய்வகத்தில் நான் பார்த்த ஒரே ரத்தம், கண்ணாடிக் குழாய் உடைந்து என் விரலிலிருந்து வந்ததுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. பொதுவாகவே நான் எதையும் சொல்வதில்லை.

அப்போது ஒரு சிக்கல் இருந்தது. சில ரிப்போர்ட்டுகள் வெற்றாக வந்தன. பெயர் இருக்கும், வயது இருக்கும், முடிவுகள் வரவேண்டிய கட்டங்கள் காலியாக இருக்கும். எல்லாவற்றிலும் இல்லை, ஐம்பதில் ஒன்று. மூன்று நாள் பார்த்தேன், பிடிபடவில்லை. நான்காம் நாள் அச்சடிக்கும் பகுதியின் புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஓட்டினால் வெற்றுத் தாள் வரவே இல்லை. வழக்கம்போல் ஓட்டினால் வந்தது. நிதானமாகப் போனால் சரியாக இருக்கிறது என்று தோன்றியது. அச்சடிக்கும் கட்டளைக்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இரண்டு விநாடி பொறு.

வெற்றுத் தாள் நின்றுவிட்டது.

பின்னால் வருகிறவர்களுக்காக அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பும் எழுதினேன். "ஏன் என்று தெரியவில்லை. இது இல்லாவிட்டால் வெற்றுத் தாள் வருகிறது. எடுக்க வேண்டாம்."

மேனேஜர் மேசையை ஒரு தட்டு தட்டி, "பரவாயில்லையே" என்றார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். அதன் பிறகும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிவிட்டது.

எங்கள் கம்பெனியில் புரோகிராமர்களுக்குப் படிகள் உண்டு. சேரும்போது முதல் படி. இரண்டு வருடம் முடிந்தபிறகு, வருடத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, இந்த வருடம் நீ எவ்வளவு தேறியிருக்கிறாய் என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் படி. நான் இரண்டு முறை உள்ளே போய் இரண்டு முறையும் முதல் படியோடு வெளியே வந்தேன். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் கீழ்த்தளம்.

கீழ்த்தளத்தில் இருபது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பரிசோதனை நிலையங்களிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் சொல்வார்கள். நாள் முழுக்க போன். வீட்டில் போன் அடித்தாலே, அம்மா எடுக்கட்டும் என்று குளியலறைக்குள் போய்விடுகிறவள் நான். கோட் எழுதும் வேலையில் எனக்குப் பிடித்ததே, எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான்.

போன முறை, "இன்னும் நிறைய கத்துக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் கற்றுக்கொண்டேன். காலை ஐந்து மணிக்கு அலாரம். முகம் கழுவி, கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு மணி நேரம் வீடியோ பாடம். பாடம் நடத்துகிறவருக்குப் பின்னால் ஒரு பச்சைச் சுவர் இருக்கும். ஒவ்வொரு கஷ்டமான இடத்துக்கும் முன்னால், "இது ரொம்பச் சுலபம்" என்பார். அவர் தட்டுவதை நானும் தட்டுவேன். அவருக்கு ஓடியது எனக்கும் ஓடும். கடைசியில் அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரிக்கும்போது எனக்கும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் காலிப் பக்கத்தைத் திறந்து அதையே எழுதப் பார்த்தால் விரல்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அதற்கென்ன, அடுத்த பாடம் இருக்கிறதே. பாடத்துக்குப் பாடம் வண்ண எழுத்தில் என் பெயர் போட்ட சர்டிஃபிகேட். அப்பா அதை எல்லாம் அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாகச் செருகி வைத்தார்.

"பதினாலு ஆச்சு" என்றார் ஒருநாள், ஃபைலின் எடையைக் கையில் பார்த்துக்கொண்டே. "இன்னும் என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

"பதினஞ்சு இருந்தா நல்லா இருக்கும்னு மேனேஜர் சொன்னார்பா."

"அவரு எத்தனை வெச்சிருக்காரு?"

தூக்கம்தான் வந்தது. அந்த வருடம் முழுக்க எனக்குத் தூக்கம்தான் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவேன். லிஃப்டில் ஆறு மாடிக்குள் ஒரு சின்னத் தூக்கம் போடுவேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் கத்தரி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் இப்போது மூன்றாம் படி. எழுதுவதைவிட மற்றவர்கள் எழுதியதை வெட்டித் தள்ளுவது அதிகம் என்பதால் அந்தப் பெயர். அவன் எனக்கு வைத்த பெயர் மியூட். குழுக் கூட்டங்களில் எல்லாரும் பேசுவார்கள், நான் மட்டும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஏய் மியூட், நீ பாடம் படிக்கிறியா, ஸ்டாம்பு சேர்க்கிறியா?" என்பான்.

"உனக்கென்ன, சொல்லுவே."

"நிஜமாத்தான் கேட்கிறேன். அந்தப் பதினாலுல எதையாவது ஒண்ணை இங்கே எழுதியிருக்கியா?"

நான் மானிட்டருக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வேன். அவன் கேட்பது சரிதான் என்பதுதான் எரிச்சல்.

மூன்றாவது முறைக்கு நான்கு நாள் இருந்தது. அந்த வெள்ளிக்கு முந்தைய திங்கள் காலை, அம்மாவுக்குத் தைராய்டு பரிசோதனை. அக்கா வெளியூரில், அப்பாவுக்கு முட்டிவலி. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வெறும் வயிற்றோடு பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஏற்கெனவே ரத்தம் கொடுத்தவர்கள் முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஸ்கிரீன் பாதி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. பார்த்த உடனே தெரிந்தது, எங்கள் கம்பெனி செய்தது.

அவர் பெயரைத் தட்டினார், பட்டனை அமுக்கினார். பிறகு மவுஸை விட்டுவிட்டுக் கழுத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், விரல்களைக் கோத்து நெட்டி முறித்தார். அதற்குள் அடுத்த பக்கம் வந்தது. அதில் எதையோ தட்டினார், அமுக்கினார். மறுபடி இடம், வலம், நெட்டி. ஆள் மாறினாலும் இது மாறவில்லை. ஒருவருக்கு ஆறு பக்கம், ஆறு முறை கழுத்து.

முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். பிறகு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. பக்கம் வந்தது. ஒன்று, இரண்டு. வந்தது. இணையம் மெதுவாக இருந்தால் இப்படி இருக்காது. ஒருமுறை மூன்றாகும், ஒருமுறை அரையாகும். இது எத்தனை முறை எண்ணினாலும் இரண்டுதான்.

அந்த இரண்டை எனக்குத் தெரியும்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரமா?" என்றாள் அம்மா, எங்கள் முறை வந்ததும்.

"நான் என்னம்மா பண்றது? இது யோசிச்சு யோசிச்சுத்தான் போகும். அவசரப்பட்டா கோவிச்சுக்கும்."

"இது என் பொண்ணு கம்பெனி செஞ்சதுதான்!" என்றாள் அம்மா. பெருமைதான் வேறென்ன. குரல் கடைசி ஆள்வரை கேட்டது.

வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். கவுண்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அப்படியா? நல்ல வேளை, ஆளைப் பார்த்தேன். சொல்லும்மா, ஏன் இது நின்னு நின்னு போகுது?"

"பார்க்கிறேன்" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"பார்க்கிறாங்களாம்" என்றார் அவருக்கு முன்னால் இருந்தவர். "அப்படின்னா அடுத்த வருஷம்னு அர்த்தம்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

ஆபீசுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மொத்த கோடிலும் அந்த வரியைத் தேடினேன். நான் எழுதியது ஒரே ஓர் இடத்தில். வந்து விழுந்தது முப்பத்தேழு.

முப்பத்தேழிலும் என் குறிப்பு எழுத்து மாறாமல் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, எடுக்க வேண்டாம். வெற்றுத் தாளுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில்கூட இருந்தது. எங்கே எது ஒத்துவராமல் போனாலும் இதை எடுத்து ஒட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஒருவர் தாராள மனசோடு ஐந்து விநாடி போட்டிருந்தார். எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று பார்க்கும் வசதி எங்களுக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் பழையது என் பெயரில் இருந்தது. அதை எதிர்பார்த்தேன். பதினொன்றாவதை எதிர்பார்க்கவில்லை.

"கத்தரி, இது நீ போட்டதா?"

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். ஸ்கிரீனில் இருந்த தன் பெயரைப் படித்தான்.

"ஐயோ. ஆமா. அன்னைக்கு அனுப்பியே ஆகணும்னு மேனேஜர் தலைக்கு மேல நின்னாரு. தேடினேன், இது கிடைச்சுது. 'எடுக்க வேண்டாம்'னு வேற அதட்டலா இருந்துச்சா, யாரோ விஷயம் தெரிஞ்ச பெரிய ஆள் எழுதினதுன்னு நினைச்சேன்."

"நான்தான் எழுதினேன்."

"எது?"

"முதல்ல எழுதினது. நான்தான்."

அவன் சிரித்த சிரிப்பில் பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மியூட்! இந்தக் கம்பெனியிலேயே அதிகமா காப்பி அடிக்கப்பட்ட ஆள் நீதான். உன்னை நேரா அஞ்சாம் படிக்கு அனுப்பணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த அம்மா மட்டும்தான் கண்ணில் நின்றார். ஒரு நாளைக்கு இருநூறு பேர் என்றால், எத்தனை திருப்பல்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி அலாரத்தை அணைத்துவிட்டு ஆறரைவரை தூங்கினேன். பதினைந்தாவது பாடத்தில் பாதி பாக்கி இருந்தது. பச்சைச் சுவர்க்காரர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அச்சடிக்கும் பகுதியின் கோட் முழுவதையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டேன். பதினெட்டுப் பக்கம். பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். சொன்னால் வெட்கம். நான்கு வருடத்தில் அதை முழுதாகப் படித்தது அதுதான் முதல் முறை. எங்கே மாற்றச் சொன்னார்களோ அந்த இடத்துக்கு மட்டும் போய், மாற்றிவிட்டுத் திரும்பி வருவேன். பஸ் ஜன்னலில் தெரியும் தெருக்களை மாதிரிதான் மற்றதெல்லாம்.

சாயங்காலத்துக்குள் தலை வலித்தது. ஆறு பக்கம்தான் ஆகியிருந்தது.

புதன்கிழமை, என் வரியை எடுத்துவிட்டு நூறு ரிப்போர்ட்டை வரிசையாக அச்சடிக்கச் செய்தேன். மூன்று வெற்று. ஒரு விநாடி வைத்தேன். நானூறில் ஒன்று வெற்று. இரண்டு விநாடி வைத்து, ரிப்போர்ட்டுகளை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டாவது தாள் வெற்றாக வந்திருந்தது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த வரி எதையும் சரி செய்யவில்லை. சிக்கலைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குத் தள்ளி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் இத்தனை வருடமும் எங்கேயோ வெற்றுத் தாள் வந்துகொண்டுதான் இருக்கவேண்டும். அதைக் கேட்கக் கீழ்த்தளத்துக்குப் போனேன். படியிலேயே சத்தம் கேட்டது. இருபது குரல்கள் ஒரே நேரத்தில், "சொல்லுங்க, சொல்லுங்க." ஜன்னல் இல்லை. ஓரமாக இருந்த ஒரு பெண் ஹெட்போனின் ஒரு காதை மட்டும் விலக்கினாள். கேட்டேன்.

"வெற்றுத் தாளா? மாசத்துக்கு நாலஞ்சு வருமே" என்றாள். "இன்னொரு தடவை அமுக்குங்கன்னு சொல்லுவோம். சரியாயிடும்."

"மேலே சொல்லலையா?"

"சரியாயிடுதே. எதுக்குச் சொல்லணும்?" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானே அடுத்த வாரம் இங்கே வரப்போறது? அந்த மூலை நாற்காலி உங்களுக்கு. சக்கரம் ஒண்ணு இல்லை, பார்த்து உட்காருங்க."

நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தேன். லிஃப்டில் தூக்கம் வரவில்லை.

வியாழன் காலை, பதினான்காவது பக்கத்தில் காரணம் இருந்தது. முடிவுகளைச் சேமிக்கச் சொல்லும் வரி ஒன்று. அச்சடிக்கச் சொல்லும் வரி அதற்கு அடுத்து. சேமித்து முடித்தாயா என்று நடுவில் யாரும் கேட்கவில்லை. ஒருவர் அலமாரியில் காகிதத்தை வைக்கப் போகிறார், இன்னொருவர் அதை எடுக்கப் போகிறார். முன்னவர் கொஞ்சம் தாமதித்தால் பின்னவர் காலி அலமாரியோடு திரும்பி வருவார். நான் செய்ததெல்லாம் பின்னவரை வாசலில் இரண்டு விநாடி நிற்கவைத்ததுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே இல்லை.

கல்லூரியில் முதல் வருடம் அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பரிசோதனை. கரைசல் இளஞ்சிவப்பாக மாறியதும் நிறுத்தவேண்டும். என் பக்கத்து மேசைக்காரி குடுவையைப் பார்க்கவே மாட்டாள். போன வாரம் பதினெட்டேகால் மில்லியில் மாறியது என்று எழுதி வைத்துக்கொண்டு, குழாயின் அந்த அளவுக்கோட்டில் நிறுத்திவிடுவாள். ஒருநாள் அமிலத்தின் அடர்த்தியை மாற்றி வைத்துவிட்டார்கள். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நிறம் மாறியதா என்று பார்க்கும்படி எழுதினேன். சேமித்தது முடிந்தது என்று செய்தி வந்தபிறகு மட்டும் அச்சடி. ஒரு வரிக்குப் பதில் பதினொரு வரி. எந்தப் பாடத்திலிருந்தும் எடுக்கவில்லை. பத்தாயிரம் ரிப்போர்ட் ஓடவிட்டேன். ஒன்றுகூட வெற்றில்லை. காத்திருக்கும் நேரமும் கண் இமைப்பதற்குள் முடிந்தது.

துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் வெகுநேரம் நின்று வந்தவளுக்கு உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

கத்தரி படித்துப் பார்த்தான். "நாலு வரி அதிகம்" என்று வெட்டினான். ஏழுதான் மிஞ்சியது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்கு உள்ளே போனதும் இதைச் சொல்லு. ரிப்போர்ட் பக்கத்தை வேகமாக்கினேன்னு சொல்லு. போதும், படி உனக்குத்தான்."

"மெதுவாக்கினது யாருன்னு கேட்டா?"

"பழைய கோட்னு சொல்லு. கோட் பழசாயிட்டா அது யாரோடதும் இல்லை."

"என் பேரு இருக்கே அதுல."

"யாரு போய்ப் பார்க்கப் போறாங்க? நாலு நாளா கண்ணு சிவந்து போய் உட்கார்ந்திருக்கே. வாயைத் திறந்து உனக்கு நல்லதா ஒரு வார்த்தை சொல்லிக்கோ, மியூட். கீழே போனா நாள் பூரா பேசணும், ஞாபகம் வெச்சுக்கோ."

வெள்ளிக்கிழமை. கண்ணாடி அறையில் மேனேஜரும், வேறு கிளையிலிருந்து வந்த ஒரு பெண்மணியும். அவர் முகத்திலும் தூக்கம் இருந்தது. எனக்கு முன்னால் ஒன்பது பேரைப் பார்த்திருந்தார். அப்பாவின் ஃபைலை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"நல்லது. இந்த வருஷம் உங்க கையால எது மாறுச்சு?"

சொன்னேன். ரிப்போர்ட் பக்கம், சேமிப்பு, காத்திருப்பு. மனப்பாடம் செய்துகொண்டு போனது பாதியில் மறந்துவிட்டது. மீதியைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா அப்படி இருந்திருக்கே. ஏன் அப்படி எழுதியிருந்தாங்க?"

பழைய கோட். சொல்லவேண்டியது அவ்வளவுதான். நாக்கு நுனியில்தான் இருந்தது. மூலை நாற்காலியின் இல்லாத சக்கரம் ஞாபகம் வந்தது. ஆனால் அவர் கேட்டது ஏன் என்று. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"எழுதினது நான்தான்" என்றேன். "ஏன்னு அப்பத் தெரியலை. வெற்றுத் தாள் வர்றது நின்னுட்டுது, அதனால விட்டுட்டேன். அப்புறம் மத்தவங்களும் எடுத்துக்கிட்டாங்க. முப்பத்தேழு இடத்துல இருக்கு. ஒண்ணை எடுத்திருக்கேன்."

மேனேஜர் இருமினார்.

"மிச்சம் முப்பத்தாறையும் எடுத்துடலாமே?"

"எடுக்கலாம். ஆனா எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணா இருக்காது. ஒவ்வொண்ணையும் படிச்சுப் பார்க்கணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியலை."

"உத்தேசமா?"

"தெரியாதுங்க. இந்த ஒண்ணுக்கே நாலு நாள் ஆச்சு."

அந்த அறையில் நான் அவ்வளவு பேசியதே இல்லை. அவர் எதையோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

சாயங்காலம் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். கத்தரி தட்டுவதை நிறுத்தினான்.

"படி ஏத்தலை" என்றார்.

தலையை ஆட்டினேன். மேசையில் என் சாமான்கள் அதிகமில்லை. ஒரு டப்பா, ஒரு கப், ஒரு குடை.

"ஆனா கீழேயும் அனுப்பலை. அந்த முப்பத்தாறை யார் தலையில கட்டுறதுன்னு பேசினோம். ஒருத்தரும் கை தூக்கலை."

"நானும் தூக்கலையே சார்."

"எழுதினது நான்தான்னு சொன்னியே. அதைவிட உயரமா யாரு கை தூக்க முடியும்?" மேசையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். இந்த முறை பரவாயில்லையே என்று சொல்லவில்லை.

கத்தரி நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "பதினொண்ணாவது என்னோடது" என்றான். "அதை நான் பார்த்துக்கிறேன். முப்பத்தஞ்சு."

வீட்டில் அப்பா வாசலிலேயே கேட்டார். "பதினாலையும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்கப்பா."

"அப்புறமென்ன?"

"அப்புறம் வேலை குடுத்திருக்காங்க."

நல்லதுதானே என்று ஃபைலை வாங்கி அலமாரியில் வைத்தார். நான் போய்ப் படுத்தேன். எட்டு மணிகூட ஆகவில்லை.

மூன்று வாரத்தில் நான்கு முடித்தேன். ஒன்றில் காரணம் அதேதான். ஒன்றில் அந்த வரிக்குத் தேவையே இருக்கவில்லை, பயத்தில் ஒட்டியிருந்தார்கள். இரண்டில் என் கண்ணில் நீர் வருமளவுக்குப் படிக்கவேண்டியிருந்தது. இப்போது ஒரு பக்கத்தைப் படிக்க முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக நேரமாகிறது. கொஞ்சம்தான்.

அம்மாவுக்கு மாத்திரை மாற்றியிருந்ததால் மறுபடி பரிசோதனை. அதே நிலையம், அதே வரிசை. போன வாரம்தான் அவர்களுக்குப் புதிய பதிப்பு போயிருந்தது. ஆறு பக்கங்களில் இரண்டு சரியாகியிருந்தன, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்.

கவுண்டர் அம்மா பெயரைத் தட்டினார், பட்டனை அமுக்கினார், மவுஸை விட்டார். கழுத்து இடப்பக்கம் பாதி போயிருந்தது. அதற்குள் அடுத்த பக்கம் வந்து நின்றது. கழுத்தைப் பாதியிலேயே நிறுத்தி, கடைக்கண்ணால் ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக்கொண்டு மவுஸைப் பிடித்தார்.

"என்னமோ பண்ணியிருக்காங்கம்மா" என்றார் அம்மாவிடம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "முன்னெல்லாம் கழுத்தைத் திருப்பவாவது நேரம் கிடைக்கும். இப்ப அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டாங்க."

அம்மா வாயைத் திறந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன்.

அடுத்த பக்கத்தில் அவர் எதையோ தட்டினார், அமுக்கினார். அது நான் இன்னும் போய்ச் சேராத பக்கம். மவுஸை விட்டுவிட்டு இடம் திருப்பினார், வலம் திருப்பினார், விரல்களைக் கோத்து நெட்டி முறித்தார். இரண்டு விநாடி. நானும் அவரோடு சேர்ந்து பொறுத்திருந்தேன்.